பாக்ஸும் காக்ஸும் கடல் தாண்டிய கதை

1847 நவம்பர் 1 அன்று லண்டன் லைசியம் அரங்கில் ஜான் மேடிசன் மார்ட்டன் எழுதிய ‘பாக்ஸ் அண்ட் காக்ஸ்’ என்ற ஓரங்கக் கேலி நாடகம் முதன்முறையாக மேடையேறியது. மேடையில் மூன்றே பேர். கதை முழுக்க ஒரே அறையில் நடக்கிறது. ஒரு மணி நேரம்கூட ஆகாது. இலக்கிய வரலாறுகள் இதற்கு இரண்டு வரிக்கு மேல் இடம் தருவதில்லை. ஆனால் அந்த நூற்றாண்டு முடியும் வரை பிரிட்டிஷ் கொடி பறந்த ஊர்களில் இதைப் பார்க்காத கொட்டகை அபூர்வம். ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் போட்டார்கள். கேப் டவுனிலும் கனடாவின் படைமுகாம்களிலும் போட்டார்கள். இந்தியக் கன்டோன்மென்ட்களில் சிப்பாய்களும் அதிகாரிகளும் தாங்களே வேஷம் கட்டி ஆடினார்கள்.

காலனி நாடக வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஷேக்ஸ்பியரைத் தேடித்தான் போகிறார்கள். கல்கத்தாவில் யார் ஒதெல்லோ ஆடினார், சிட்னியில் எப்போது ஹாம்லெட் வந்தது என்று விரிவாகப் பேசுகிறார்கள். அதே இரவில், அதே நோட்டீஸின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த கேலி நாடகத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தச் சிறிய எழுத்தில்தான் காலனி மேடையின் உண்மையான நடைமுறை இருக்கிறது என்பது என் எண்ணம். அது சின்ன நாடகம் என்பதாலேயே எங்கும் போக முடிந்தது. யார் கைக்கும் எளிதில் வந்ததால், ஆண்டவர்கள் விரும்பாத கைகளுக்கும் அந்த வடிவம் போய்ச் சேர்ந்தது.

முதலில் கதையைப் பார்த்துவிடலாம். திருமதி பவுன்சர் லண்டனில் அறை வாடகைக்கு விடுகிறவர். பாக்ஸ் நாளிதழ் அச்சகத்தில் இரவு வேலை பார்ப்பவன். காக்ஸ் தொப்பிக் கடையில் பகல் வேலை பார்ப்பவன். ஒருவன் வீட்டில் இருக்கும் நேரத்தில் மற்றவன் இருப்பதில்லை. இதைக் கண்டுகொண்ட அம்மையார் ஒரே அறையை, ஒரே கட்டிலை, இருவருக்கும் தனித்தனியாக வாடகைக்கு விட்டு இரட்டைப் பணம் வாங்குகிறார். தன் கரியும் மெழுகுவர்த்தியும் சர்க்கரையும் தீக்குச்சியும் எப்படிக் கரைகின்றன என்று காக்ஸுக்குப் புரிவதில்லை. அறையில் ஏன் புகையிலை நாற்றம் என்று கேட்டால், மாடியில் இருப்பவர் புகைக்கிறார் என்று சமாளிக்கிறார் அம்மையார்.

ஒருநாள் காலை பாக்ஸ் ஒரு துண்டுப் பன்றி இறைச்சியை வாட்ட அடுப்பில் வைத்துவிட்டுக் கண்ணயர்கிறான். அன்று எதிர்பாராமல் விடுமுறை கிடைத்த காக்ஸ், கையில் ஆட்டிறைச்சித் துண்டோடு திரும்பி வருகிறான். தன் அடுப்பில் யாருடைய இறைச்சியோ இருப்பதைப் பார்த்து அதை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்துவிட்டுப் போகிறான். விழித்த பாக்ஸ் ஆட்டிறைச்சியைப் பார்த்துக் கொதித்து அதைச் சன்னல் வழியே வீசுகிறான். திரும்பி வந்த காக்ஸ் பன்றி இறைச்சியை அதே சன்னல் வழியே வீசுகிறான். இதுவரை ஒருவரை ஒருவர் அவர்கள் பார்க்கவே இல்லை. நடிகனுக்கு இங்கே வசனத்தைவிடக் கையும் முகமும்தான் மூலதனம். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், இரைச்சலுக்கு நடுவில், பின்வரிசைக்குப் பாதி வசனம் எட்டாத ஒரு மரக்கொட்டகையிலும் இந்தக் காட்சி சிரிப்பை வாங்கிவிடும்.

பிறகு இருவரும் நேருக்கு நேர் மோதுகிறார்கள். பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், இருவருமே பெனலோபி ஆன் என்ற ஒரே விதவைக்கு நிச்சயிக்கப்பட்டவர்கள். மார்கேட், ராம்ஸ்கேட் கடற்கரைகளில் குளியல் வண்டிகளை வாடகைக்கு விடுகிறவள் அவள். பாக்ஸ் அவளிடமிருந்து தப்பிக்கத் தன் துணிமூட்டையைக் கடலோரப் பாறையின் விளிம்பில் வைத்துவிட்டு, மூழ்கிச் செத்ததாக எல்லோரையும் நம்பவைத்து ஓடிவந்தவன். இப்போது அவளை நீ கட்டிக்கொள், நீ கட்டிக்கொள் என்று ஒருவன் தலையில் மற்றவன் கட்டப் பார்க்கிறான். அவள் இறந்துவிட்டாள், நிச்சயித்தவனுக்குச் சொத்தை எழுதி வைத்திருக்கிறாள் என்று கடிதம் வந்ததும் இருவரும் அவளுக்காக உருகுகிறார்கள். அவள் பிழைத்துவிட்டாள், வந்துகொண்டிருக்கிறாள் என்று அடுத்த செய்தி வந்ததும் கதவை மூடிப் பிடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் அவள் நாக்ஸ் என்ற மூன்றாமவனை மணக்கப் போகிறாள் என்று தெரிகிறது. நிம்மதிப் பெருமூச்சில், உன் இடது கையில் ஸ்ட்ராபெரி வடிவத்தில் மச்சம் உண்டா என்று ஒருவன் கேட்கிறான். இல்லை என்கிறான் மற்றவன். அப்படியானால் நீதான் தொலைந்துபோன என் சகோதரன் என்று கட்டிக்கொள்கிறார்கள். மச்சத்தை வைத்துக் குடும்பம் ஒன்றுசேரும் சோகக் கதைகளில் ஊறியிருந்த அன்றைய பார்வையாளர்களுக்கு இந்த முடிவு பெரிய விருந்து.

இந்தச் சரக்கு மார்ட்டனின் சொந்தச் சரக்கும் அல்ல. 1846இல் பாரிஸில் வந்த இரண்டு சிறு நாடகங்களைச் சேர்த்துத் தைத்தது. ஒன்று, லபீஷும் லெஃப்ரான்கும் எழுதிய ‘ஃப்ரிசெட்’. மற்றொன்று, இரு கட்டில்கள் கொண்ட ஓர் அறையைப் பற்றியது. பிரெஞ்சு நாடகங்களை உரிமை கேட்காமல் எடுத்தாள்வது அன்றைய லண்டன் வழக்கம். அதே அலட்சியம் பிறகு மார்ட்டன் மீதே திரும்பியது. 1833ஆம் ஆண்டின் நாடக உரிமைச் சட்டம் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கும் பொருந்தும் என்றாலும், கடல் தாண்டி நடந்த ஆட்டத்துக்கு உரிய பணம் ஆசிரியர் கைக்கு வருவது அரிதாகவே இருந்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதிய மனிதர் முதுமையில் சார்ட்டர்ஹவுஸ் ஆதரவு இல்லத்தில் சேர்ந்து, 1891இல் இறந்தார். 1849 ஜனவரியில் வின்ட்சர் கோட்டையில் விக்டோரியா அரசியின் முன் நடிக்கப்பட்ட நாடகம் அவருடையது என்பதை நினைக்கும்போது இது வருத்தம் தருகிறது.

அன்றைய ஆங்கில நாடக இரவு ஒரே நாடகத்தோடு முடிவதில்லை. முதலில் ஐந்து அங்கச் சோக நாடகம் வரும். இடையில் பாட்டோ நடனமோ இருக்கும். கடைசியில் ஒரு கேலி நாடகம். தாமதமாக வந்தால் பாதிக் கட்டணம் என்பதால் கடைசி உருப்படிக்கென்றே ஒரு கூட்டம் வரும். காலனிகள் இந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொண்டன. கல்கத்தா பார்க் தெருவில் 1841இல் திறந்த சான் சூசி அரங்கின் உயிர்நாடியாக இருந்தவர் எஸ்தர் லீச். 1843 நவம்பர் 2 இரவு அங்கே ‘மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ முடிந்து, ‘ஹேண்ட்சம் ஹஸ்பண்ட்’ என்ற சிறு நாடகம் நடந்துகொண்டிருந்தது. திரையோரம் தன் முறைக்காகக் காத்து நின்ற லீச்சின் உடையில் எண்ணெய் விளக்கின் தீ பற்றியது. சில நாட்களில் அவர் இறந்தார். இந்த மரணத்தைப் பல நூல்கள் பதிவு செய்கின்றன. அந்த ஒரே இரவில் நகரின் முதன்மை நடிகை கடைசி உருப்படிக்கும் வேஷம் கட்டி நின்றார் என்பதை நின்று யோசிப்பவர்கள் குறைவு. கேலி நாடகம் ஒப்புக்குச் சேர்த்த மிச்சம் அல்ல என்பதற்கு அதுவே சான்று.

சரி, நூற்றுக்கணக்கான கேலி நாடகங்கள் இருக்க, இந்த ஒன்று மட்டும் ஏன் இத்தனை தூரம் போனது? இதற்கு மேடைக்காரர்களின் கணக்கில்தான் விடை தேட வேண்டும். ஓர் அறை, ஒரு கட்டில், கதவுகள், ஒரு சன்னல், ஒரு அடுப்பு. எந்த அதிகாரி விடுதியிலிருந்தும் இவற்றை இரவல் வாங்கிவிடலாம். உடையும் அன்றாட உடைதான். தாமஸ் லேசி லண்டனில் நடத்திய பதிப்பகம் நாடகங்களை ஆறு பென்ஸ் விலையில் மெல்லிய புத்தகமாக விற்றது. கையடக்கமான அந்தப் புத்தகத்தில் வசனம் மட்டும் இருக்காது. யார் எந்தப் பக்கமாக வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும், என்ன உடுத்த வேண்டும் என்பதெல்லாம் குறித்திருக்கும். அனுபவமுள்ள மேலாளர் இல்லாத ஊரில்கூட ஒரு லெப்டினென்ட் இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒத்திகை நடத்திவிடலாம். லண்டனில் அனுமதி பெற்ற நாடகம் என்பதால் காலனி அதிகாரிகளும் இதில் ஆட்சேபிக்க ஒன்றும் காணவில்லை.

இன்னொரு வசதி இருக்கிறது. அதுவே முக்கியமானது என்று நினைக்கிறேன். கதையையே நடத்துகிற பெனலோபி ஆன் மேடைக்கு வருவதே இல்லை. இருக்கும் ஒரே பெண் பாத்திரம் நடுவயது தாண்டிய வீட்டுக்கார அம்மாள். அதை எந்த ஆணும் ஸ்திரீ பார்ட்டாகப் போட்டுவிடலாம். அழகாகத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. வெள்ளைக்காரப் பெண்கள் குறைவாகவும், இருந்தவர்கள் பொது மேடையில் தோன்றத் தயங்கியும் இருந்த கன்டோன்மென்ட்களில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை எமிலி ஈடன் எழுதியதைப் படித்தால் உணரலாம். கவர்னர் ஜெனரல் ஆக்லண்டின் சகோதரியான இவர் 1838இல் சிம்லாவில் இருந்தார். ஆக்ரா பக்கத்துப் பஞ்சத்தில் தவித்தவர்களுக்கு நிதி திரட்ட அதிகாரிகள் நாடகம் போடத் திட்டமிட்டார்கள். ஒருவருக்கு மனம் சோர்ந்துபோனது. பெண் வேஷம் நன்றாகக் கட்டும் இன்னொருவர் மீசையை எடுக்க மாட்டேன் என்றார். மூன்றாமவர் பனிமலைப் பக்கம் கரடி சுடப் போய்விட்டார். இவர்கள் கைவிட்டதை எடுத்து நடத்த முன்வந்தவர்கள் கீழ்நிலை எழுத்தர்கள் என்று ஈடன் எழுதுகிறார். மார்ட்டனின் நாடகம் வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. அந்த ஒரு மீசைச் சண்டையே, பிறகு திருமதி பவுன்சருக்கு ஏன் அத்தனை வரவேற்பு என்பதைச் சொல்லிவிடுகிறது.

1866இல் எழுத்தாளர் பர்னன்ட் மார்ட்டனின் நாடகத்தை இசை நாடகமாக மாற்றினார். இசை ஆர்தர் சல்லிவன். நண்பர்கள் வீட்டில் ஆண்கள் மட்டும் நடிக்கத் தயாரித்தது என்பதால் திருமதி பவுன்சர் ஓய்வுபெற்ற சார்ஜென்ட் பவுன்சராக மாறினார். ‘காக்ஸ் அண்ட் பாக்ஸ்’ என்று தலைகீழாகப் பெயர் மாறிய இந்த வடிவம் படைமுகாம்களுக்கென்றே எழுதியதுபோல் பொருந்தியது. பழைய போர்ப் பெருமையை அளந்துகொண்டே இருக்கும் சார்ஜென்டை அந்தப் பார்வையாளர்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

லண்டனில் இது நெரிசலான நகரத்தின் வாடகை அறையைப் பற்றிய கதை. கடல் கடந்த பிறகு அதே கதையின் வேறு இழைகள் மேலே வந்திருக்க வேண்டும். பாக்ஸும் காக்ஸும் கல்யாணத்திலிருந்து தப்பப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். முதலில் விரும்பிய உயர்ந்த படைப்பிரிவு உயரம் போதாது என்று தள்ளிவிட, சாதாரண நடைப்படையில் ஒட்டிக்கொண்டவர்கள். அடுத்து, இந்த நாடகத்தில் எல்லாத் திருப்பமும் கடிதத்தில்தான் வருகிறது. சொத்தும் மரணமும் கல்யாணமும் மார்கேட்டிலிருந்து தபாலில் வந்து சேருகின்றன. ஊரிலிருந்து கடிதம் வரப் பல வாரங்கள் காத்திருந்த சிப்பாய், மேடையில் ஒருவன் நடுங்கும் கையோடு உறையைப் பிரிப்பதைப் பார்த்தபோது லண்டன்காரனைப் போலச் சிரித்துவிட்டு மறந்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. அங்கே தொழில்முறை மேடை சீக்கிரமே வேரூன்றியது. நகைச்சுவை நடிகர் ஜார்ஜ் காப்பின் 1855இல் மான்செஸ்டரில் செய்த இரும்புக் கொட்டகையையே கப்பலில் கொண்டுவந்து மெல்பர்னில் நிறுத்தினார். தங்கம் தேடி வந்த கூட்டம் பணத்தை வாரி இறைத்த காலம் அது. அதற்கும் முன்பே அங்கே உள்ளூர் எழுத்து தொடங்கிவிட்டது. எட்வர்ட் கேகன் நாடு கடத்தப்பட்ட கைதி. அவர் எழுதிய ‘கரன்சி லாஸ்’ 1844இல் சிட்னி ராயல் விக்டோரியா அரங்கில் மேடையேறியது. கைதிகளுக்கு மேடையில் இடமில்லை என்பதால் ஆசிரியர் பெயர் மறைந்தே இருந்தது. மருமகன் மணக்கப்போகும் பெண் ‘இந்த மண்ணின் மகள்’ என்று கேட்ட லண்டன் மாமா, அவள் பழங்குடிப் பெண் என்று எண்ணிப் பதறுகிறார். அவளோ அந்த மண்ணில் பிறந்த வெள்ளைக்காரப் பெண். ஆள் மாறாட்டம், தவறான ஊகம் என்று கேலி நாடகத்தின் பழைய கருவிகளே கையாளப்படுகின்றன. ஆனால் கேலிக்கு ஆளாகிறவர் இப்போது லண்டனிலிருந்து வருகிறவர். பழங்குடி மக்கள் மீதான இளக்காரம் அதில் அப்படியே இருக்கிறது. அதை மறைத்துப் பாராட்ட முடியாது.

அந்த இளக்காரம் வேறு வழியிலும் பயணம் செய்தது. அமெரிக்காவில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்த மின்ஸ்ட்ரல் குழுக்கள் ‘பாக்ஸ் அண்ட் காக்ஸ்’ நாடகத்துக்கும் ஒரு கரிமுக வடிவம் தயாரித்தன. இத்தகைய குழுக்கள் கேப் டவுனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தியாவுக்கும் வந்தன. அப்படி வந்து இங்கேயே தங்கிவிட்டவர் டேவ் கார்சன். ஆங்கிலம் படித்த வங்காளி எழுத்தரைக் கேலி செய்யும் ‘பெங்காலி பாபு’ பாட்டு அவருடைய பிரபல உருப்படி. கல்கத்தா வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பதில் 1873இல் வந்தது. வங்க மேடையின் பெரும் நடிகர் அர்த்தேந்து சேகர் முஸ்தஃபி, கார்சனின் நிகழ்ச்சித் தலைப்பையே திருப்பிப் பிடித்து ‘முஸ்தஃபி சாஹேப் கா பக்கா தமாஷா’ என்று ஒன்றைப் போட்டார். கோட்டும் தொப்பியுமாகத் துரை வேஷத்தில் வந்து, துரைமார் இந்துஸ்தானி பேசும் அழகைக் காட்டினார். காலனி மேடை வரலாற்றில் இதைவிட நேரான திருப்பத்தை நான் பார்த்ததில்லை. வடிவம் அவர்களுடையது, நீளமும் இடமும்கூட அவர்கள் வகுத்தவை. அதில் வேஷம் கட்டியவர் மட்டும் மாறினார்.

வங்காளிகளிடம் ஷேக்ஸ்பியர் இந்து கல்லூரி வகுப்பறை வழியாக வந்தார். கேலி நாடகம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. கொட்டகையில் பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டியது அது. அதனால்தானோ என்னவோ, அதைக் கையில் எடுத்தவர்கள் மரியாதை பார்க்காமல் எடுத்தார்கள். 1848 முதல் 1856 வரை சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் வாழ்ந்து கல்கத்தா திரும்பிய மைக்கேல் மதுசூதன் தத், 1860இல் பிரகசனம் எனப்படும் கேலி நாடகங்கள் இரண்டை வெளியிட்டார். ஒன்றில் ஞானதரங்கிணி சபை என்ற கௌரவமான பெயரில் கூடிக் குடித்துக் கும்மாளமிடும் ஆங்கிலம் படித்த இளைஞர்கள். மற்றொன்றில் ஆசாரம் பேசும் காமாந்தக ஜமீன்தார். பைக்பாரா ராஜாக்களின் பெல்காச்சியா அரங்குக்காக எழுதியவை. இரு தரப்பும் முறைத்ததும் ராஜாக்கள் பின்வாங்கிவிட்டார்கள். முதல் பிரகசனம் 1865இல்தான் ஒரு தனியார் மேடையைக் கண்டது. சென்னையில் இப்படிச் சீறிய கதை எதுவும் நடக்கவில்லை. 1891இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய ‘சபாபதி’யின் எஜமானும் வேலைக்காரனும் வீட்டுக் கேலியோடு நின்றுகொண்டார்கள். 1941இல் திரைப்படமாகி இன்றும் சிரிக்க வைக்கிறார்கள்.

கல்கத்தாவில் கேலி நாடகம் அரசையே தொட்டது. 1876 ஜனவரியில், அங்கே வந்திருந்த வேல்ஸ் இளவரசரை, வழக்கறிஞர் ஜகதானந்த முகர்ஜி தன் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துப் பெண்களைக் கொண்டு வரவேற்கச் செய்தார். ஊர் கொதித்தது. பிப்ரவரி 19 அன்று கிரேட் நேஷனல் அரங்கில் ‘சரோஜினி’ நாடகம் முடிந்த பிறகு, ஆங்கில வழக்கப்படி கடைசி உருப்படியாக ‘கஜதானந்தனும் யுவராஜனும்’ என்ற கேலி நாடகம் வந்தது. போலீஸ் தடுத்தது. பெயரை மாற்றி மறுபடி போட்டார்கள், மறுபடி தடை. அடுத்து ‘பன்றி, ஆடு போலீஸ்’ என்று அர்த்தம் தரும் ஆங்கிலத் தலைப்பில் ஒன்று வந்தது. போலீஸ் கமிஷனரின் பெயர் ஹாக். அவருக்குக் கீழிருந்த அதிகாரி லேம்ப். ஆங்கிலத்தில் முதல் பெயர் பன்றியையும் இரண்டாவது ஆட்டுக்குட்டியையும் குறிக்கும்.

கவர்னர் ஜெனரல் நார்த்புரூக் பிப்ரவரி 29 அன்று அவசரச் சட்டம் பிறப்பித்தார். மார்ச் 4 அன்று போலீஸ் அரங்குக்குள் நுழைந்து இயக்குநர் உபேந்திரநாத் தாஸ், மேலாளர் அமிர்தலால் பாசு முதலானவர்களைக் கைது செய்தது. வழக்கைக் கேலி நாடகத்தின் மீது போடவில்லை. அதே மேடையில் நடந்த ‘சுரேந்திர வினோதினி’ என்ற முழுநீள நாடகம் ஆபாசம் என்று போட்டார்கள். கீழ்நீதிமன்றம் தாஸுக்கும் பாசுவுக்கும் ஒரு மாதச் சிறை விதித்தது. உயர்நீதிமன்றம் அதே மாதத்தில் விடுவித்தது. ஆனால் டிசம்பரில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் நிறைவேறிவிட்டது. அவதூறு என்றோ அரசு மீது வெறுப்பைத் தூண்டும் என்றோ அரசு கருதும் எந்த நாடகத்தையும் தடை செய்யலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. போலீஸ் உள்ளே நுழைந்து திரைச்சீலையையும் வேஷ உடைகளையும் அள்ளிக்கொண்டு போகலாம். மத விழாக்களில் நடக்கும் ஜாத்ரா என்ற நாட்டார் கூத்துகளுக்கு மட்டும் விலக்கு.

பின்னாளில் சுதந்திரப் போராட்டக் காலத்துத் தமிழ் மேடையும் இந்தச் சட்டத்தின் கண்காணிப்பில்தான் இயங்கியது. வெள்ளைக்காரர் போன பிறகும் அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. பாக்ஸையும் காக்ஸையும் ஆடிக் களித்த அதிகாரிகளின் அரசு, அதே அளவுள்ள இன்னொரு நாடகத்துக்குப் பயந்து எழுதிய அந்தச் சட்டம் நீங்கியது 2018இல்தான்.